இரண்டு நட்சத்திரமும் ஒரு விதியும்

"விதி" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆறு வருடமாக அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன், அதனால்தான். பழைய கிரேக்கர்களின் சிந்தனையில் விதியும் மனித சுதந்திரமும் என்பது என் ஆராய்ச்சித் தலைப்பு. மூன்று வருடத்தில் முடித்திருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். திருச்சியிலிருந்து அம்மா ஃபோனில், "அந்த விதி இன்னும் முடியலையா?" என்று கேட்கிறாள். கேலி செய்கிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை.

என் வழிகாட்டி ஒரு பிரெஞ்சுப் பேராசிரியை. கண்டிப்பானவர். நான் அனுப்பும் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதுவார்: "இங்கே செய்பவர் யார்?" நான் பிரெஞ்சில் எழுதினாலும் தமிழில்தான் யோசிக்கிறேன் போலிருக்கிறது. என் வாக்கியங்கள் எல்லாம் "நேர்ந்தது", "அமைந்தது", "சொல்ல வேண்டி வந்தது" என்றே முடிகின்றன. அவற்றில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாக வந்து விழுகிறது. அந்தப் பென்சில் கேள்வியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

நான் குடியிருப்பது பாரிஸில், லா ஷப்பல் பகுதியில், நான்காம் மாடியில், ஒரு யாழ்ப்பாணத் தம்பதியின் வீட்டில். மகள் கல்யாணமாகித் துலூஸுக்குப் போனபிறகு காலியான அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒட்டிய ஸ்டிக்கர்கள் அலமாரிக் கதவில் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்காரரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுகிறேன். வந்த புதிதில் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் அது "அண்ணை" ஆகிவிட்டது.

கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மரப்படிகள், மொத்தம் எண்பத்திரண்டு. நான் எண்ணவில்லை, அண்ணைதான் ஏறும்போது வாய்விட்டு எண்ணுவார். அறுபதுக்கு மேல் குரல் இறங்கிவிடும். எழுபதில் ஒருமுறை நிற்பார். அவருக்கு ஒரு பெரிய உணவகத்தின் பின்கட்டில் "பிளோஞ்", அதாவது பாத்திரம் கழுவும் வேலை. கூட வேலை செய்யும் இருவர் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வரும் ரயில் வழியில் நின்றுவிட்டால், அன்றைக்கு அவர்கள் சட்டிகளும் இவர் தலையில்தான்.

"என்ன செய்யிறது, விதி," என்பார் அண்ணை, செருப்பைக் கழற்றியபடி. பால் பொங்கி வழிந்தாலும் அதே பதில். குளியலறைக் குழாய் ஒழுகினாலும் அதே பதில். நான் நூலகத்தில் நாள் முழுவதும் துருவித் துருவித் தேடும் சொல், இந்த வீட்டில் கேட்பாரற்றுக் கொட்டிக் கிடந்தது.

தமிழில் இன்னொரு தொல்லை. போக்குவரத்து விதியும் விதிதான், தலைவிதியும் விதிதான். மனிதர்கள் உட்கார்ந்து பேசி மாற்றக்கூடிய சட்டத்துக்கும் ஒருவராலும் மாற்ற முடியாததற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். பழைய கிரேக்கர்கள் அந்த விஷயத்தில் கொஞ்சம் விவரமானவர்கள். அவர்கள் "மொய்ரா" என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். அதற்கு முதல் பொருள் பங்கு. விருந்தில் ஒருவன் தட்டில் விழும் இறைச்சிப் பங்கு, பிறகு நிலத்தில் அவன் பங்கு, பிறகு ஆயுளில் அவன் பங்கு. பின்னால் வந்த தத்துவக்காரர்கள் "அனாங்கே" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அது கட்டாயம், மீறமுடியாத நிர்ப்பந்தம். உலகமே அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது என்றார் ஒருவர். ஆட்டிவைப்பது வெளியே இல்லை, மனிதனின் குணமேதான் என்கிற மாதிரி சொன்னார் இன்னொருவர். சுதந்திரமான மனம் என்று நாம் இன்றைக்குச் சொல்வதற்கு அவர்களிடம் நேரான சொல்லே இல்லை. "மனமுவந்து செய்தான்", "மனமில்லாமல் செய்தான்" என்று இரண்டு மட்டும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் என் மூன்றாம் அத்தியாயம்.

அந்தக் கடிதம் போன இலையுதிர்காலத்தில் வந்தது. அண்ணை ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் வேலை செய்யவேண்டும் என்று சொல்லும் அரசாங்கக் கடிதம். அக்கா காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார். அவர் போகும்வரை காத்திருந்து அண்ணை அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"எவ்வளவு போட்டிருக்கு, பிள்ளை?"

"இன்னும் ஆறு வருஷம் அண்ணை."

முழங்கால் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு நின்று வேலை செய்யக் கூடாது என்று வைத்தியர் கோடையிலேயே சொல்லியிருந்தார்.

"ரெண்டு வருசம்தான் வரவேணும்," என்றார். "உதில கிடக்கிற பிறந்த திகதி பிழை. நான் நாலு வருசம் மூத்தவன்."

இருபத்தொரு வயதில் வந்தவர் அவர். கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரர் விமானம் ஏறும் முன் சொல்லிக்கொடுத்தாராம்: பதினேழு என்று சொல், சின்னப் பையன் என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள். அகதி அலுவலகத்தில் ஒரு திகதியைச் சொன்னார். மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள். அகதி அட்டை, வேலை அனுமதி, பிற்பாடு குடியுரிமை, எல்லாம் அந்தத் திகதியில்தான். அட்டையில் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறந்ததைக் கணக்கிட்டால் அறுபத்திரண்டு.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படும் வேலை என் கையில் வந்திருக்கிறது. இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் ஒரு வழக்கறிஞரிடம் போய்க் கேட்டேன். நீதிமன்றத்துக்கு எழுதித் திருத்தக் கேட்கலாம், என்றார் அவர். ஊர்ப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிழையான திகதி எப்படி வந்தது என்று விளக்கி அண்ணை கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் வேண்டும். ஏற்பார்களா என்று உறுதி சொல்ல முடியாது. கடிதத்தைக் கவனமாக எழுதுங்கள், ஏமாற்றினார் என்ற எண்ணம் வரக் கூடாது, என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அண்ணை அன்றைக்கே யாழ்ப்பாணத்திலிருந்த தன் மூத்த சகோதரிக்குத் தொலைபேசியில் சொல்லி, பத்திரங்களை என் பெயருக்கு அனுப்பச் சொன்னார்.

"ஏன் என் பேருக்கு?"

"அவவுக்கு இப்ப சொல்லவேண்டாம். வீணாப் பயப்பிடுவா."

போலீஸ், வழக்கு என்று அக்கா பயப்படுவார் என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது.

மூன்று வாரத்தில் உறை வந்தது. பிரித்தோம். பிறப்புச் சான்றிதழ் இருந்தது. கூடவே, நாங்கள் கேட்காத ஒன்றையும் சகோதரி வைத்திருந்தார். அண்ணையின் பழைய சாதகம், ஓரங்களில் மஞ்சள் பூசியது. அண்ணை அதை விரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் மடித்து என் கையில் கொடுத்தார்.

"விடும் பிள்ளை. ஆறு எண்டா ஆறு."

"என்னண்ணை திடீர்னு? இதான் வந்துடுச்சே."

"விதி," என்றார், படிகளில் சொல்லும் அதே குரலில்.

அன்றிலிருந்து மல்லுக்கட்டல் தொடங்கியது. நான் விடுவதாக இல்லை. சான்றிதழை மொழிபெயர்த்தேன். கூடுதல் ஆதாரமாக இருக்கட்டும் என்று சாதகத்தையும் மொழிபெயர்த்தேன்: திகதி, நேரம், ராசி, நட்சத்திரம் அவிட்டம். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும், அக்கா குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கோப்பைக் கொண்டுபோய் நீட்டுவேன். அவர் வெங்காயம் உரிப்பார். அல்லது செய்தி பார்ப்பார். அல்லது பேனாவில் மை இல்லை என்பார். பேனாவை நான் நீட்டினால் கண்ணாடி இல்லை என்பார். பிறகு அந்தச் சொல்லைச் சொல்வார். சில ஞாயிறுகளில் என் அறைக்கு வந்து தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்த வாரம் பங்கிறைச்சி வந்தது. அண்ணையும் கார்ஜ் லே கொனெஸிலும் வில்லியே லே பெல்லிலும் இருக்கும் அவருடைய கூட்டாளிகளுமாகச் சேர்ந்து, அவ்வப்போது பாரிஸுக்கு வெளியே ஒரு பண்ணையில் ஆடு சொல்லிவைத்து வாங்குவார்கள். பிரிப்பது எப்போதும் அண்ணைதான். சமையலறைத் தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஐந்து குவியல் வைப்பார். ஒவ்வொன்றிலும் தொடையில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு. ஒரு துண்டை இந்தக் குவியலிலிருந்து எடுத்து அந்தக் குவியலில் வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி மாற்றுவார். பிறகு ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, அண்ணை ஒரு குவியலைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான்.

எனக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. கூட்டாளிகள் பைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் அண்ணையிடம் மொய்ராவைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். இதேதான் அண்ணை, அவங்களும் இப்படித்தான் இறைச்சியைப் பங்கு வெச்சாங்க, அதுலேர்ந்துதான் விதிங்கிற சொல்லே வந்துச்சு, என்றேன். அவர் விரிப்பைக் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொல்லுறது சரிதானே," என்றார். "பங்கு விழுந்தா விழுந்ததுதான்."

"இல்லண்ணை. பங்கு விழுறதுக்கு முன்னாடி குவியலை வெச்சது யாரு? நீங்கதானே. ஈரலை இங்கேர்ந்து அங்கே மாத்துனீங்க இல்ல? அந்தக் கிரேக்கருங்க சண்டை போட்டதே அதைப் பத்தித்தான். மனுஷன் தன் பங்குக்கு மேல தானே இழுத்துப் போட்டுக்கிற துன்பம்னு ஒண்ணு தனியா இருக்கு, அதுக்குச் சாமியைக் குறை சொல்லக் கூடாதுன்னாங்க. உங்க நாலு வருஷம் அந்தக் கணக்குல வரும். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நல்லாக் கதைக்கிறீர்," என்றார் அண்ணை. சிரிக்கவில்லை. "சோதினையில பாஸ் பண்ணிடுவீர்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நீங்க கோழை அண்ணை, என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடமே வெட்கமாக இருந்தது. அவர் கழுவிய விரிப்பை உதறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, நொண்டி நொண்டி உள்ளே போனார்.

அக்காவைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவர் கல்யாணத்துக்காகவே பாரிஸுக்கு வந்தவர், முப்பது வருடமாகிறது. அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு: தன் கல்யாணம் பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம். பத்தில் ஒன்பது பொருத்தமாம். மகள் நன்றாகப் படித்தது, அண்ணைக்கு வேலை நிலைத்தது, எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒன்பது. மாதம் ஒருமுறை பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அண்ணை பெயரில் அருச்சனை செய்வார். சில மாதங்களில் என்னையும் கூட்டிப்போவார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அப்படித்தான் போயிருந்தோம். முன்னாலிருந்த மேசையில் ஒருவர் அருச்சனைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அண்ணையின் பெயரைச் சொன்னார்.

"நட்சத்திரம்?"

"பூசம்," என்றார் அக்கா.

"அவிட்டம் இல்லையா அக்கா?" என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. மூன்று மாதமாக அந்தச் சாதகத்தைத் தட்டெழுதி, திருத்தி, மறுபடி அச்செடுத்து, அண்ணை என்றால் அவிட்டம் என்று எனக்கு மனப்பாடமாகியிருந்தது. பிழையாக எழுதிவிடப் போகிறார்களே என்று வாய் தானாகத் திறந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப்பிடித்தபடி இருவரையும் பார்த்தார்.

"ஆர் சொன்னது அவிட்டம் எண்டு?"

"இல்லக்கா, வேற யாரையோ நினைச்சுக்கிட்டு..."

எனக்குப் பொய் சொல்ல வராது. அக்கா பூசம் என்றே எழுதச் சொல்லி, அருச்சனை முடியும்வரை கைகூப்பி நின்றார். விபூதி வாங்கினார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தபிறகு கேட்டார்:

"அவருக்கு உண்மையா எத்தினை வயசு?"

நட்சத்திரம் வேறென்றால் பிறந்த திகதியும் வேறு. ஒரே தாவலில் அங்கே வந்துவிட்டார். சொன்னேன். ஏஜென்சிக்காரர், பதினேழு வயது, அகதி அலுவலகம், என் கோப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. விரல் கணுக்களில் பெருவிரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"நான் சித்திரை," என்றார். "அவர் அவிட்டம். ரெண்டும் சிரசு ரச்சு."

எனக்கு அது புரியவில்லை. அக்காதான் விளக்கினார். நட்சத்திரங்களை ரச்சு என்று ஐந்து கூட்டமாகப் பிரித்திருக்கிறார்களாம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே கூட்டத்தில் வரக் கூடாது. அதிலும் இருவரும் சிரசு ரச்சு என்றால் கணவனுக்கு ஆயுள் இருக்காது என்பார்களாம். அப்படி ஒரு சாதகத்தை எந்தப் பெண் வீட்டாரும் கையால் தொடமாட்டார்கள். ரயில் பாதைப் பக்கமிருந்த கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றுவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"முப்பது வருசமா நான் பூசத்துக்கு அருச்சனை செய்தனான்," என்றார். "அவருக்கு ஒண்டுமே போய்ச் சேரேல்லை."

ஆறு வருடம் விதியைப் படித்தவள் நான், அவர் பக்கத்தில் போய் அதே வேலியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் என் வாயால் வந்தது என்று என்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

வீட்டில் அண்ணை கோழி வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா விபூதிப் பொட்டலத்தைச் சாமித் தட்டில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இஞ்சருங்கோ. நீங்கள் அவிட்டமோ?"

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார்.

"அப்ப உந்தப் பூசம்?"

அவர் கையைக் கழுவினார், துடைத்தார். பிறகு சொன்னார். அவருக்கு முப்பத்திரண்டு வயது நடந்தபோது ஊரிலிருந்து அம்மா ஒரு படம் அனுப்பினார். அக்காவின் படம். இரண்டு வாரம் கழித்து அம்மாவே தொலைபேசியில் வேண்டாம் என்றார். சாதகம் பொருந்தவில்லை, சாத்திரியார் முகத்தைச் சுளித்துவிட்டார், படத்தைத் திருப்பி அனுப்பிவிடு.

"நான் அனுப்பேல்லை," என்றார் அண்ணை. "என்ர அட்டையில ஒரு பிறந்த திகதி கிடந்தது. அதுக்கு ஒரு சாதகம் எழுதுவிச்சுக் குடுங்கோ எண்டு அம்மாவுக்குச் சொன்னனான். எழுதுவிச்சுப் பாத்தா ஒன்பது பொருத்தம்."

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நான்தான் போய் அணைத்தேன். எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. அந்த உறையைப் பிரித்த அன்று அவர் வெகுநேரம் பார்த்தது இதைத்தான். திகதியைத் திருத்தினால் நட்சத்திரம் திரும்பும், நட்சத்திரம் திரும்பினால் அக்காவின் ஒன்பது போய்விடும். அதற்குப் பதிலாக நாலு வருடம் நின்று சட்டி கழுவலாம் என்று அவர் முடிவெடுத்திருந்தார். விதி விதி என்று என்னை அலைக்கழித்த மனிதர், தன் விதியைத் தானே ஆள்வைத்து எழுதுவித்தவர்.

"இத்தனை நாள் எங்கிட்ட ஏன் விதின்னு சொன்னீங்க அண்ணை?" என்று கேட்டேன். "காரணத்தைச் சொல்லியிருக்கலாமே."

"வேற என்னத்தைச் சொல்லுறது," என்றார். "உமக்கு ஒண்டைச் சொன்னா நீர் உடனே எழுதிப்போடுவீர்."

அக்கா இதையெல்லாம் கவனிக்கவில்லை. "நான் வந்து நீங்கள் செத்துப்போயிருந்தா?" என்று கேட்டார்.

"சாகேல்லைத்தானே."

"அது எனக்குத் தெரியும். நீங்கள் அண்டைக்குப் பயப்பிடேல்லையோ எண்டு கேக்கிறன்."

"பயந்தனான்," என்றார் அண்ணை. "முதல் ரெண்டு மூண்டு வருசம் றோட்டைக் கடக்கவே பயம்."

அக்கா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். என் பக்கம் திரும்பினார். "அந்தக் கோப்பைக் கொண்டுவாரும்."

மூன்று மாதம் நான் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காதது, என் நாக்கு ஒருமுறை சறுக்கியதில் நடந்துவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. என் வாதங்களில் ஒன்றுகூட அந்த வீட்டில் ஒரு சாமானை நகர்த்தவில்லை.

ஆனால் அத்தோடு முடியவில்லை. கடிதத்தை அக்கா தமிழில் வாசிக்கச் சொன்னார். நான் பிரெஞ்சில் எழுதியதை வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வழக்கறிஞர் சொன்னபடி கவனமாக எழுதியிருந்தேன்: அழைத்து வந்த முகவரால் ஒரு திகதி சொல்லப்பட்டது, மொழி தெரியாத நிலையில் அது பதிவாக நேர்ந்தது. அண்ணை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது சரியில்லை. ஏஜென்சியில போடாதையும்."

"அவர்தானே சொல்லிக்கொடுத்தாரு?"

"ஓம். சொல்லித்தந்தவன். எனக்குப் பக்கத்தில நிண்ட பெடியனுக்கும் அதையேதான் சொல்லிக்குடுத்தவன். அவன் தன்ர உண்மையான திகதியைச் சொல்லிப்போட்டான். நான் மாத்திச் சொன்னனான். நான் சொன்னனான் எண்டு எழுதும்."

"அப்படி எழுதினா ஏமாத்துனீங்கன்னு எடுத்துக்குவாங்க அண்ணை. கேஸ் போயிடும். இவ்வளவு பாடுபட்டு..."

"இவ கேட்டுக்கொண்டிருக்கிறா," என்றார், அக்காவைக் காட்டி. "இவவுக்கு முன்னால வேற ஒருத்தனில போடமாட்டன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எத்தனை மாதம் உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறது, சுதந்திரம் இருக்கிறது என்று கெஞ்சினேன். இந்த மனிதர் அதைக் கையில் எடுத்தது, எடுத்தால் கெட்டுப்போகும் இடத்தில். "சொன்னனான்" என்ற அந்த யாழ்ப்பாணச் சொல்லை நான் அன்றுதான் சரியாகக் கேட்டேன். எங்கள் ஊரில் "சொன்னேன்" என்பதோடு சரி. இங்கே "நான் சொன்னனான்" என்றால் நான் இரண்டு தடவை வந்து நிற்கிறது, முன்னால் ஒன்று, முடிவில் ஒன்று. பிரெஞ்சில் அதை எழுத வழியில்லை. நான் என்ற ஒரு சொல்லைப் போட்டு, முகவரை அடித்துவிட்டு, புதிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் அண்ணை கையெழுத்திட்டார். மை இருந்தது, கண்ணாடியும் சட்டைப்பையிலேயே இருந்தது.

பதிவுத் தபாலில் அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் ஒரு கடிதம் வந்தது. என் மொழிபெயர்ப்பு செல்லாது, நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் செய்திருக்க வேண்டும் என்று. அந்த மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க ஆறு வாரம். இப்போது மறுபடி காத்திருக்கிறோம். வழக்கறிஞர் அண்ணை கையெழுத்திட்ட கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு மூக்கைத் தடவினார். அண்ணை வேலைக்குப் போகிறார், வருகிறார். எண்பத்திரண்டு படியிலும் எண்ணிக்கை கேட்கிறது. இப்போது அறுபதில் நிற்கிறார். தபால் பெட்டியைத் திறந்து, ஒன்றும் இல்லாமல் மூடிவிட்டு, நேற்று நான்தான் "விதி" என்றேன். அவர் பின்னாலேயே நின்றிருந்தார். "நீர்தானே எழுதினனீர்," என்றார்.

மூன்றாம் அத்தியாயத்தை இன்னும் முடிக்கவில்லை. முடிக்க முடியாமல் போயிற்று என்று வழிகாட்டிக்கு எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, நான் முடிக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். அவர் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை.

போன ஞாயிறு அக்கா கோயிலுக்குக் கூப்பிட்டார். நான் வரவில்லை என்றேன். வாரும், வாயை மட்டும் திறக்காதையும், என்றார். அன்றைக்கு மேசையில் ஐயரே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அக்கா இந்தத் தடவை இருவர் பெயரையும் ஒரே சீட்டில் போடச் சொன்னார்.

"நட்சத்திரம் சொல்லுங்கோ."

"எனக்குச் சித்திரை. அவருக்கு அவிட்டம்."

ஐயரின் பேனா நின்றது. வயதான மனிதர், ஒரு கணத்தில் கணக்குப் போட்டுவிட்டார். தலையை நிமிர்த்தி, "புருசன் பெண்சாதியோ?" என்று மெதுவாகக் கேட்டார். "அது பொருந்தாதே அம்மா."

"ஓம் ஐயா," என்றார் அக்கா. "எழுதுங்கோ."